மாதா கழுத்து மெடல்

பிஜு எழுந்து கேஸைப் பற்றவைத்தான். ஒரு தம்ளர் தண்ணீர், பாதித் தம்ளர் பால். தூள் போட்டான். கொதித்ததும் இறக்கினான். குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஓட்டல் சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டான். வெளியே மூணாறு பனிமூட்டத்தில் கிடந்தது.

கிளம்பும் நேரத்தில் மாமனார் சுவக்கீன் வந்து நின்றார். செருப்பெல்லாம் தேயிலைக்காட்டுச் சேறு.

“மாப்ள, கொத்தன் நாளைக்கு வாரான். கல்லறைத் திருநாளுக்கு முன்னாடி அப்பா கல்லறையக் கட்டி முடிச்சிரணும். கல்லுல என்ன எழுதணும்னு கேக்கான்.”

“உக்காருங்க மாமா. டீ போடுறேன்.”

“ஒங்க டீயா? நிமியே பாதி குடிச்சிட்டுச் செடிக்கு ஊத்துவா.” சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. “தாத்தா கப்பல்ல என்ன பதவியில இருந்தாருன்னு அவ தேடிக்கிட்டு இருந்தாள்ல. அதக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

நிமி அவருடைய ஒரே மகள்; பிஜுவின் மனைவி. இந்த மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

சுவக்கீனின் தகப்பன் சூசைமாணிக்கம் இரண்டாம் உலகப் போரில் கப்பற்படையில் இருந்தவர். அவர் விட்டுப்போனது ஒரு போட்டோவும் ஒரு மெடலும்தான். போட்டோவில் சிப்பாய்கள் கூட்டமாக நிற்க, ஓரத்தில் அவர். மெடலில் ஒரு பக்கம் கிரீடம் வைத்த தலை. மறுபக்கம் பாம்பு மாதிரி ஒன்றை மிதித்து நிற்கும் சிங்கம். அவர் மனைவி அந்தத் தலையை யாரோ புனிதர் என்று நினைத்தாள். தட்டானிடம் கொடுத்துச் சுற்றிலும் வெள்ளி வளையம் போட்டு, சுரூபப் பதக்கத்தோடு சேர்த்து வீட்டு மாதா சிலையின் கழுத்தில் மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து இங்கிலாந்து ராஜாவை உதடு பதித்து முத்தி செய்தார்கள்.

“ராஜாவுக்கு மூக்கே தேஞ்சு போச்சு. அம்புட்டு பக்தி எங்க வீட்டுல” என்று நிமி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவள்தான் அப்பாவிடம் கேட்டு மெடலை இங்கே எடுத்துவந்தாள். ஒருநாள் துடைக்கும்போது வளையம் கழன்று வந்தது. மெடலின் விளிம்பில் எழுத்து. யார் உதடும் படாத இடம். நேற்று வெட்டியதுபோல் இருந்தது. தாத்தாவின் பெயர், ஒரு எண், பிறகு ‘டோபாஸ்’ என்று ஒரு சொல். கப்பலின் பெயராக இருக்கும் என்று போனில் தேடினார்கள். கப்பலில் கக்கூஸ் கழுவுகிறவருக்கு அந்தப் படை வைத்திருந்த பதவிப் பெயர் அது.

நிமி போனைக் கவிழ்த்து வைத்தாள். “பள்ளிக்கூடத்துல அப்பாவத் தோட்டி மகன்னு கூப்புடுவாங்களாம். எங்கப்பா பீரங்கி சுட்டவருடான்னு சொல்லித்தான் அடிச்சிருக்காரு, அடி வாங்கியிருக்காரு” என்றாள் பிறகு. வளையத்தை அழுத்தி மாட்டிவிட்டாள்.

மறுநாள் காலை, அவள் வேலைக்குப் போன ஜீப்பின் மேல் மண் சரிந்தது.

சுவக்கீன் மேசையிலிருந்த மெடலை எடுத்து முத்தி செய்துவிட்டு வைத்தார்.

“பீரங்கி வீரர்னு போட்டுரவா மாப்ள?”

பிஜு இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றினான். ஆமாம் என்றால் ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும். கல்லில் பொய் ஏறும். உண்மையைச் சொன்னால், மகளைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவரிடமிருந்து தகப்பனையும் பிடுங்கியதாகும்.

“பேரும், ராயல் இந்தியன் நேவின்னும் போடுங்க மாமா. பதவி வேண்டாம்.”

“ஏன்?”

பிஜு இஸ்திரிப் பெட்டியை அலமாரியில் வைத்தான்.

“அவ கண்டுபிடிச்சாளா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“கண்டுபிடிச்சா.”

“பெறகு ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? ஒங்ககிட்ட என்னதான் சொன்னா?”

மண் சரிந்த அன்று காலை கீழே ஜீப் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. நிமி பாதிப் படியில் நின்று திரும்பினாள். அவள் சொன்னதை பிஜு அப்படியே சொன்னான்.

“அப்பாகிட்ட நானே சொல்லிக்கிடுறேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க.”