பள்ளத்துக்குக் காவல்

இப்போதெல்லாம் பார்லரக்கா வருகிறவர்களைக் குட்டை முக்காலியில் உட்காரவைத்துத்தான் முடி வெட்டுகிறாள். சுழல் நாற்காலி மூலையில் துண்டு காயப்போடுவதற்கு ஆகிவிட்டது. அவளுடைய வலது கை நெஞ்சுக்கு மேலே ஏறாது. ஏற்றிப் பார்த்தால் தோளுக்குள் வைத்திருக்கிற கம்பி சுள்ளென்று நான் இருக்கிறேன் என்று சொல்லும். முக்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடியில் தங்கள் நெற்றி மட்டும்தான் தெரியும். வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வருவதில்லை. வருகிற ஒன்றிரண்டு பேரும் பாவம் பார்த்து வருகிறவர்கள். பாவம் பார்த்துக் குனிகிற தலையை வெட்டுவதுபோல் எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் கிடையாது.

அப்படி ஒரு தலை பாதியில் இருக்கும்போதுதான் சாலை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கத்தரிக்கோலை வாயில் கவ்விக்கொண்டு இடது கையால் பிரித்துப் படித்தாள். மனுவில் சொன்ன இடத்தைப் பொறியாளர் நேரில் பார்த்தாராம். அங்கே பள்ளம் எதுவும் இல்லையாம். சுற்றியுள்ள சாலையைவிட அந்த இடம் சமமாகவும் நல்ல நிலையிலும் இருக்கிறதாம். ஆகவே நட்ட ஈடு கேட்க முகாந்திரம் இல்லையாம்.

"அடப்பாவி" என்றாள். கத்தரிக்கோல் முக்காலிக்காரியின் மடியில் விழுந்தது.

நட்ட ஈடு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு முதலில் தெரியாது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி சொல்லித்தான் தெரியும். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் வந்தவள், தண்ணீர் தேங்கிய இடம்தானே என்று விட்டாள். வண்டியின் முன்சக்கரம் உள்ளே போனது மட்டும்தான் நினைவு. போனும் தண்ணீருக்குள் போய்விட்டதால் ஒரு படம்கூட எடுக்கவில்லை. எதிரிலேயே இருக்கிற பஞ்சர் கடைக்காரர்தான் ஓடிவந்து தூக்கினவர். சாட்சிக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டால், அன்றைக்குக் கண் வலி என்கிறார். இருக்காதா பின்னே, அந்தப் பள்ளம்தானே அவருக்குப் படியளந்துகொண்டிருந்தது.

கையைக் கழுத்துக் கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு மனு கொடுக்கப் போன அன்றைக்கு அந்த இன்ஜினியர் ஒரு வார்த்தை சொன்னார். நாற்காலியில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே, ஆபீஸ் முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னார்.

"பள்ளம் உங்களைத் தேடி வரலையேம்மா. நீங்கதானே தேடிப் போயிருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் கொண்டுவந்த அம்மாகூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பார்லரக்காவோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தோசைக்கல் வைக்கும்போதும் வந்தது, ஒரு கையால் தலை வாரிக்கொள்ள முடியாமல் புருஷனிடம் சீப்பைக் கொடுக்கும்போதும் வந்தது. பணம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். பள்ளம் எங்களுடையது, தப்பு எங்களுடையது என்று அந்தக் கண்ணாடிக்காரர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதும்போது அவர் மூஞ்சியை எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதுவரை அவளுக்குச் சோறு உடம்பில் ஒட்டாது.

முக்காலிக்காரியை அரைகுறையாக அனுப்பிவிட்டு விழுந்ததிலிருந்து எட்டிப் பார்க்காத அந்த இடத்துக்கு நேராகப் போனாள். பள்ளம் இருந்த இடத்தில் கான்கிரீட் வழவழவென்று கிடந்தது. ஓரங்கள் நூல் பிடித்தமாதிரி நேராக இருந்தன. தண்ணீர் தேங்காமல் சாக்கடைப் பக்கம் ஓட லேசான சரிவு வேறு. சாலை ஆபீஸ்காரர்கள் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படிப் போட மாட்டார்கள். குனிந்து பார்த்தாள். ஒரு மூலையில் சிமெண்ட் பூசுகிற கரணையைத் திருப்பி எடுத்த தடம், சின்ன விசிறி மாதிரி. அந்த விசிறி அவள் வீட்டுக் குளியலறைத் தரையில் இருக்கிறது. அடுப்படி மேடையில் இருக்கிறது. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் புருஷன் டைல்ஸ் போடுகிறவர். தரை சமமா என்று குமிழி வைத்துப் பார்க்கிற ரசமட்டம்தான் ஊரில் அவருக்குப் பெயர். மேடு பள்ளத்தைக் கண்டால் அந்த மனுஷனுக்குக் கை அரிக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் ஆடுகிற மேசைக்கு அட்டை மடித்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஆஸ்பத்திரியில்கூட அவள் கட்டில் கால் ஒன்று தூக்கியிருக்கிறது என்று நர்ஸிடம் சண்டை போட்டவர். பெண்டாட்டியைத் தள்ளிய பள்ளத்தைச் சும்மா விடுவாரா? விடவில்லை. சாட்சியைத் தன் கையாலேயே கொன்று, மேலே மெழுகி, கரணை முத்திரையும் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

சாயங்காலம் அவர் கருவிப் பையை இறக்கி வைக்கக்கூட அவள் விடவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பெரிய விஷயமா அது, சொல்வதற்கு என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"உள்ள உன்னை அறுத்துக்கிட்டு இருந்தாங்க. வெளிய பெஞ்சுல உட்கார முடியல. எனக்குக் கை சும்மா இருக்கல."

"எனக்கு இப்போ சும்மாதாங்க இருக்கு" என்றாள் அவள், வலது கையைக் காட்டி.

அவள் விடுவதாக இல்லை. அடுத்த வாரம் முழுக்கக் காலையில் கடையைத் திறப்பதற்குப் பதில் சாலை ஆபீஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். போ என்றாலும் போகவில்லை, வா என்றாலும் எழுந்திருக்கவில்லை. கடன்காரி வந்துவிட்டாள் என்று சிரித்துப் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பதற்கும் அலுத்துவிட்டது. கடைசியில் இன்ஜினியரே தொல்லை தாங்காமல், வியாழக்கிழமை அந்தப் பக்கம் வேலை இருக்கிறது, வந்து பார்க்கிறேன், பள்ளத்தைக் காட்டினால் அங்கேயே எழுதித் தருகிறேன், காட்டாவிட்டால் மனுவை மூடிவிடுவேன், அதற்குப் பிறகு இந்தப் பெஞ்சுப் பக்கம் வரக்கூடாது என்றார். சரி என்று எழுந்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் புருஷன் முன்னால் கடப்பாரையைக் கொண்டுவந்து வைத்தாள். புதிதாகவா தோண்டச் சொல்கிறேன், இருந்த பள்ளத்தைத்தானே திருப்பிக் கேட்கிறேன் என்றாள். போட்ட தரையை உடைக்கிறது பெற்ற பிள்ளையை அடிக்கிற மாதிரி என்றார் அவர். அப்படியானால் நானே ஒரு கையால் உடைக்கிறேன் என்று அவள் கடப்பாரையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். அந்தச் சத்தம் பொறுக்காமல் அவர் பின்னாலேயே வந்து வாங்கிக்கொண்டார்.

உடைத்தார். அதிலும் பாருங்கள், அந்தக் கைக்கு அலங்கோலமாக ஒரு வேலை செய்யத் தெரியவில்லை. நாலு ஓரமும் கேக் வெட்டினமாதிரி நேராக வந்து நின்றது. இதைப் பார்த்தால் எவன் நம்புவான், ரோட்டு ஆபீஸ் பள்ளம் மாதிரி இருக்க வேண்டாமா என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சுத்தியலை எடுத்து ஓரங்களைக் கொத்திவிட்டார். தன் பல்லைத் தானே பிடுங்குகிறவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம். பஞ்சர் கடைக்காரருக்குத்தான் ஒரே சந்தோஷம். இருக்கட்டும் தங்கச்சி, நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல என்று சொல்லி, கடைக்குள்ளிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

வேலைக்குப் புறப்படும்போது புருஷன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

"ஒருத்தரும் விழக்கூடாது, பார்த்துக்கோ. இதுவரைக்கும் அவங்க பள்ளம். இனிமே யாராச்சும் விழுந்தா நம்ம பள்ளம்."

அவர் தெருமுனை திரும்பவும் மழை பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலடித்தது. பள்ளம் நிரம்பி, ரோட்டோடு ரோடாகத் தண்ணீர் நின்றது. ரசமட்டத்தை வைத்தால் குமிழி நட்டநடுவில் நிற்கும், அவ்வளவு சமம். ஆழம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பார்லர் கோட்டோடு ஸ்டூலைப் பள்ளத்தின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். வண்டி வரும்போதெல்லாம் எழுந்து இடது கையை உயர்த்தி ஆட்டினாள். பால் வண்டி ஒதுங்கிப் போனது. பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு வந்த ஒருத்தி ஒதுங்கி, ரொம்ப நன்றிங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்தி, ஆபீஸ்ல உங்களை வேலைக்கு வச்சிருக்காங்களா என்று கேட்டார். ஆமாம், சம்பளம்தான் இன்னும் வரலை என்றாள். பஞ்சர் கடைக்காரர் உள்ளேயிருந்து அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எல்லோரையும் காப்பாற்றி அனுப்பினால் அவர் பிழைப்பு என்னாவது?

கை ஆட்டி ஆட்டி இடது தோளும் வலிக்க ஆரம்பித்தது. பத்து மணிக்கு மேல் ஆகியும் ஆளைக் காணோம். வராமல் ஏமாற்றிவிடுவாரோ என்று நினைக்கும்போதே அந்த ஆபீஸ் பெஞ்சும் சிரிப்பும் கண்முன் வந்து நின்றன. வந்தால் என்ன செய்வார் என்றும் யோசித்துப் பார்த்தாள். இறங்குவார், தண்ணீரைக் குச்சியால் குத்திப் பார்ப்பார், இதுக்குள்ளயா விழுந்தீங்க என்பார். ஒரு வரி எழுதித் தருவார். எழுதும்போதும் ஏதாவது ஒன்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கு அது ஒரு வரி. மத்தியானம் சோற்றுக்கு உட்காரும்போது மறந்துபோகும். அவளுக்கோ குளிக்கும்போது முதுகுக்குத் தண்ணீர் ஊற்றக்கூட இன்னொரு ஆள் வேண்டும், சாகிறவரைக்கும்.

தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் திரும்பியது. அவர்தான். ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். கண்ணாடியில் மழைத் துளி போலிருக்கிறது; ஒரு கையை விட்டு, அதைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே வந்தார். வண்டி நேராக வந்தது. அவள் எழுந்தாள். பழக்கத்தில் இடது கை பாதி உயர்ந்துவிட்டது. நிற்கிற நிலையை வைத்தே அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, தூரத்திலிருந்தே சிரித்தார்.

"எங்கம்மா, பள்ளத்தையே காணோம்?"

பஞ்சர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். 'நம்ம பள்ளம்' என்று புருஷன் சொன்னது அவள் காதுக்குள் கேட்டது. கேட்கத்தான் செய்தது. உயர்ந்த இடது கையை இறக்கி, கோட்டுப் பைக்குள் விட்டு, அங்கே கிடந்த சீப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு வலது கையைத் தூக்கி அவருக்குக் காட்டினாள். முடிந்தமட்டும் தூக்கினாள். அது நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது.

அவர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டாமலே, அதைப் பிடித்த கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ப் பதில் வணக்கம் வைத்தபடி, வெயிலில் அசையாமல் மினுங்கிக்கொண்டிருந்த தண்ணீரை நோக்கி வந்தார்.