ஒன்பதாம் இலக்க மனேஜர்

குறிஞ்சாக்கேணி இளம்பிறை உதைபந்தாட்டக் கழகத்தில் மனேஜர் என்றால் யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. விளையாடுகிறவர்களின் அடையாள அட்டைகளைச் சேர்த்து, றப்பர் வளையம் போட்டு, மைதானத்துக்குக் கொண்டுபோய் நடுவரிடம் கொடுத்து, படிவத்தில் கையெழுத்து வைக்கிறவர்தான் மனேஜர். இடைவேளையில் தோடம்பழமும் வெட்டிக் கொடுத்தால் நல்ல மனேஜர்.

சந்தேகம் வந்தது முனாபுக்கு மட்டும்தான். அவர் டிவியில் இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்க்கிறவர். அங்கே மனேஜர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு மைதான எல்லைக்கு வெளியே நின்று முகத்தைச் சுளிக்கிறார். மற்றதெல்லாம் தானாக நடக்கிறது. முனாபும் ஒரு கோட்டுத் தைப்பித்தார். சுளிக்கவும் பழகினார்.

தகுதியில்லாத ஆள் என்று சொல்லிவிட முடியாது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு இறுதியாட்டத்தில் பறந்து தலையால் அடித்துக் கழகத்துக்குக் கிண்ணம் வாங்கித் தந்தவர். அதற்கு முன்னும் பின்னுமாகப் பதினொரு வருடம் முன்வரிசையில் ஆடியிருக்கிறார். அந்த வருடங்களைப் பற்றி அவரும் கதைப்பதில்லை, மரியாதைக்காக மற்றவர்களும் கதைப்பதில்லை. அந்த ஒரு கோல் மட்டும் வருடத்துக்கு வருடம் உயர்ந்துகொண்டே வந்தது. மனைவி சித்தி பரீதா கலியாணமான புதிதில் கேட்டபோது அவர் தரையிலிருந்து இரண்டடி பறந்திருந்தார். இப்போது ஐந்தடி. நேரில் பார்த்தவர்களில் பாதிப்பேர் கட்டாரில். மிச்சப் பேரில் கழகச் செயலாளர் ஸஜ்ஜாத் ஒருவர். அந்தக் கோலைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருக்கு இருமல் வந்துவிடும்.

ஒன்பதாம் இலக்கச் சேர்ட்டை வேறொருவர் போடுவதைக் காணச் சகிக்காமல், இந்த வருடப் பட்டியலிலும் அந்த இலக்கத்துக்கு நேரே முனாப் தன் பெயரையே எழுதியிருந்தார். வயது நாற்பத்தாறு.

இறுதியாட்டத்துக்கு முதல்நாள் ஸஜ்ஜாத் வந்து சொன்னார்: "முனாப் நானா, நாளைக்குத் தோத்தா மனேஜர் வேல அஷ்ரபுக்கு. கமிட்டி முடிவு. நான் என்ன செய்ய?"

முனாப் முகத்தைச் சுளித்தார்.

மறுநாள் திருகோணமலை நகர மைதானம். நடுவர் குலசிங்கம் அரசாங்கக் கச்சேரியில் கோப்புப் பார்க்கும் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். கடுதாசி இல்லாமல் கடவுளே வந்தாலும் உள்ளே விடமாட்டார்.

"அட்டையளைத் தாங்கோ, மனேஜர்."

முனாப் கோட்டின் வலது பையில் கையை விட்டார். இடது பையில் விட்டார். உள்பையில் விட்டார். அட்டைகள் கிண்ணியாவில், வீட்டில், அவர் வழமையாகப் போடும் சேர்ட்டின் பையில் இருந்தன.

"சேர், முகத்தப் பாத்தாத் தெரியாதா? எல்லாம் எங்கட பிள்ளைகள்."

"முகத்தை எழுத இந்தப் படிவத்தில இடமில்லையே."

மோட்டார் சைக்கிளில் வந்த ஆறு பேரிடம் சாரதி லைசன் இருந்தது. அது செல்லும் என்றார் குலசிங்கம். ஆனால் ஏழு பேராவது இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க ஏலாது.

தலைவன் நஸ்ரி மெதுவாகச் சொன்னான்: "நானா, வேன் ஓட்டிட்டு வந்தது நீங்கதானே? லைசன் இருக்கு. பட்டியல்ல பேரும் இருக்கு."

"விளையாடுற ஆள் மனேஜராக இருக்க ஏலாது" என்ற குலசிங்கம், அடிமட்டம் வைத்து முனாபின் கையெழுத்தை நேராக வெட்டினார்.

முனாப் கோட்டைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்தார். மனைவிக்குப் போன் எடுத்தார். ஒன்பதாம் இலக்கச் சேர்ட்டுக்குள் வயிற்றைத் திணித்தார்.

முதல் பாதியில் அவர் இரண்டு முறை பந்தைத் தொட்டார், ஒருமுறை கையால். மற்ற ஆறு பேரும் கோலுக்கு முன்னால் சுவராக நின்றார்கள். எதிரணிக்காரர் கம்பத்துக்கே குறிவைத்து அடித்ததால் கோல் விழவில்லை.

இடைவேளையில் பரீதா ஓட்டோவில் வந்திறங்கினாள். "கோட்டப் போட்டுட்டு வந்தீங்க, மூளையச் சேர்ட்டுப் பையிலயே வெச்சிட்டு வந்தீங்க" என்றபடி அட்டைக் கட்டை நீட்டினாள்.

"கொண்டு வந்த ஆள் இதில ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றார் குலசிங்கம். அவள் வைத்தாள். நான்கு பேர் உள்ளே வந்தார்கள்.

"இனி நீங்க வெளிய வாங்க நானா, றிஸ்கான் நிக்கிறான்" என்றான் நஸ்ரி.

முனாப் மைதான எல்லையைப் பார்த்தார். பரீதா நின்றிருந்தாள். அவர் விளையாடி அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நான் வெளிய வந்தா ஆர் கோல் அடிக்கிற?"

கடைசி நிமிடம். இளம்பிறைக்குக் கோனர் உதை. எதிரணியில் ஒருவரும் முனாபுக்குக் காவல் நிற்கவில்லை. தேவையென்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர் கம்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து, ஓடிப்போன மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். நஸ்ரி அடித்த பந்து, குனிந்த முனாபின் எந்தப் பக்கம் வானத்தைப் பார்த்திருந்ததோ அந்தப் பக்கத்தில் பட்டு உள்ளே போனது. கோல் விழுந்தது அவருக்குச் சத்தத்தைக் கேட்டுத்தான் தெரியும்.

ஒலிபெருக்கி கிண்ணத்துக்கு அழைத்தது. முனாப் சேர்ட்டுக்கு மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு அடி எடுத்து வைத்தார்.

"வெற்றி பெற்ற இளம்பிறைக் கழகத்தின் மனேஜர், சித்தி பரீதா!"

முனாப் குலசிங்கத்தைப் பார்த்தார்.

"படிவத்தில உள்ளதைத்தானே வாசிக்கலாம்" என்றார் குலசிங்கம்.

"ஒண்டுக்கும் யோசிக்காதீங்க நானா" என்று தோளில் கைபோட்டார் ஸஜ்ஜாத். "வேல அஷ்ரபுக்குப் போகாது. கிண்ணம் வெண்ட மனேஜர மாத்த ஏலுமா?"

பரீதா கிண்ணத்தோடு வந்தாள். கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இஞ்சாருங்க, ரெண்டாயிரத்து மூணிலயும் இப்பிடித்தானா?"

"அது தலை" என்றார் முனாப்.

ஸஜ்ஜாத் இருமினார்.