எட்டு அங்குலம்

என் அக்கா ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கூடப்பிறந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "மொத்தத்தையும் மூத்தவ அள்ளிக்கிட்டா, மிச்சம் மீதிதான் உனக்கு" என்று அம்மா சிரிப்பாள். அக்கா வேலை பார்த்த மருந்துக் கிடங்கில் அவளுக்கு ‘ஏணி’ என்றே பெயர். மேல் தட்டில் இருக்கும் பெட்டிக்காக மற்றவர்கள் ஸ்டூல் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் கையை நீட்டி எடுத்துக் கொடுத்துவிடுவாள். அந்தக் கிடங்கிலிருந்து சரக்கு வாங்கும் மருந்துக்கடை ஒன்றில் எனக்கு வேலை. ஸ்டூல் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது.

அக்காவின் கணவர், என் மாமா, லிஃப்ட் மெக்கானிக். உயரம் ஐந்தடி மூன்று. குழிக்குள் இறங்கி வேலை செய்ய இந்த உடம்புதான் தோது என்பார். தன் உயரத்தை வைத்து அவரே முதலில் ஜோக் அடித்துவிடுவதால் மற்றவர்களுக்கு அடிக்க ஒன்றும் மிஞ்சாது. "எங்க வீட்ல பல்பு மாத்தறது, பரண்ல சாமான் எடுக்கறது எல்லாம் மேடம். நான் கீழே நின்னு உத்தரவு மட்டும் போடுவேன்." அவரை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது.

அக்காவின் தலையில் அடிக்கடி வீக்கம் இருக்கும். "குனிய மறந்துட்டேன்டி, நிலை இடிச்சிடுச்சு" என்பாள். கடையிலிருந்து நானே களிம்பு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். "உனக்குன்னு தனியா ஒரு கதவு செய்யச் சொல்லணும்" என்று கேலியும் செய்திருக்கிறேன். அவர்கள் வீட்டு நிலை அவள் தலைக்கு நாலு விரல் மேலேதான் இருந்தது. நூறு தடவை அதைத் தாண்டிப் போயிருப்பேன். ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்திருக்கலாம்.

போன வருடம் ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது ஒருவன் என்னைப் பின்னாலிருந்து அப்படியே தூக்கினான். கால் தரையில் படவில்லை. கத்தினதில் விட்டுவிட்டு ஓடிவிட்டான். ஆனால் கால் அந்தரத்தில் ஆடியது மறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, டயர் கடை மாடியில் நடக்கும் தற்காப்பு வகுப்பில் சேர்ந்தேன். சொல்லித்தருபவர் ஒரு காலத்தில் மல்யுத்தம் செய்த பெண்மணி. எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே போட்டு உடைத்துவிட்டார்.

"குள்ளமா இருந்தாலும் ஜெயிக்கலாம்னு சினிமாவுல சொல்வாங்க. நான் சொல்ல மாட்டேன். உசரமானவனுக்குக் கை நீளம், எடை ஜாஸ்தி. தூரம்தான் அவன் பலம். ஒண்ணு அவனுக்கு எட்டாத இடத்துல நில்லு, இல்லைன்னா ஒட்டிக்கோ. நடுவுல நின்னேன்னா காலி. எல்லாத்துக்கும் முன்னாடி, ஓட வழி இருந்தா ஓடு."

பழகுவதற்கு உயரமான ஆள் வேண்டும். வகுப்பில் இருந்த எல்லோரும் என்னைவிட ஒரு பிடி அதிகம், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவை இழுத்துக்கொண்டு போனேன்.

"நீ சும்மா கையை நீட்டித் தடு. நான் உள்ள வரப் பாக்கறேன்" என்றேன்.

முதல் இரண்டு தடவை அவள் சிரித்துக்கொண்டே என் நெற்றியில் உள்ளங்கையை வைத்து நிறுத்திவிட்டாள். நான் இரண்டு கையாலும் காற்றைக் குத்திக்கொண்டிருந்தேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாவது தடவை அவளை ஏமாற்ற நினைத்து, குத்துவதற்குப் பதிலாகக் கையைத் தலைக்கு மேலே ஓங்கினேன்.

அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

விழவில்லை. காலை மடக்கி, பழகிய மாதிரி உட்கார்ந்து, தலையின் வலது பக்கத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டாள். என் கை மேலேயே நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது. மாஸ்டர் மற்றவர்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு அக்காவுக்கு எதிரில் குந்தினார்.

"யாரும்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தலை சுத்திடுச்சு மாஸ்டர்."

மாஸ்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் விடவில்லை. கீழே டயர் கடைப் படியில் வைத்துத்தான் அக்கா வாயைத் திறந்தாள்.

"‘உக்காரு’ம்பாருடி. நான் உக்காருவேன்."

"எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆன மறு மாசத்துலேர்ந்து."

ஒன்பது வருடம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைத்தான் திட்டினேன். "எதுக்கு உக்கார்றே? அவரைவிட எட்டு அங்குலம் அதிகம் நீ. கையை நீட்டினாப் போதுமே, அவரால கிட்ட வர முடியுமா?"

"நின்னா இன்னும் கோவம் வரும். ‘உசரத்தைக் காட்டறியா எங்கிட்ட’ம்பார். உக்காந்துட்டா சீக்கிரம் முடிஞ்சிடும். குட்டி ஸ்கூல்ல இருக்கிற நேரம்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அக்கா மகளை நாங்கள் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். எட்டு வயது. அப்பா என்றால் உயிர்.

அன்றே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் அவளால் அதைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து பார்க்க முடியவில்லை. "அவரா? இவளையா? இவ ஒரு தட்டுத் தட்டினா அவர் எந்திரிக்க மாட்டாரேடி. வெளியில சொன்னா சிரிப்பாங்க" என்றாள்.

உடனே கிளம்பி வந்துவிடு என்று அக்காவிடம் கெஞ்சினேன். குட்டிக்குப் பரீட்சை முடியட்டும், இரண்டு மாதம் என்றாள். அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான்தான் அவளை வகுப்புக்கு இழுத்துப் போனேன். மாஸ்டர் அவளுக்கு வேறு எதுவும் சொல்லித்தரவில்லை. எதிரே நின்று "உக்காரு" என்பார். அக்கா உட்காராமல் நிற்க வேண்டும். முதல் இரண்டு வாரம் முழங்கால் தானாக மடங்கியது. மூன்றாவது வாரம் நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிய நின்றாள். அதற்குப் பிறகுதான் கையை நீட்டி நெஞ்சில் வைத்துத் தள்ளுவதை மாஸ்டர் காட்டினார். "தள்ளினதும் ஓடிடணும். நின்னு பார்க்கக் கூடாது, புரியுதா?"

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது மாமாவுக்கு வகுப்பு விஷயம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அன்று ஞாயிறு பகல். குட்டி உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா செருப்பு மாட்டும்போது மாமா வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. கதவைத் தாண்டினால் மாடிப்படி.

"சண்டை போடக் கத்துக்கறியாமே. உக்காரு."

"மாட்டேன்."

அவர் கையை ஓங்கினார். அந்தக் கை வந்து சேர்வதற்குள் அக்காவின் உள்ளங்கை அவர் நெஞ்சில் பட்டது. அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை. மாமா பின்னாலேயே தடுமாறிப் போய் நாலு படி உருண்டார்.

அக்கா ஓடவில்லை. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் போனோடு வெளியே வந்தார். அவர் எடுத்த வீடியோ பதினேழு விநாடி. படிக்கு மேலே நெடுநெடுவென்று ஒரு பெண். கீழே சின்ன உருவமாக ஒரு மனிதர், முழங்கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருக்கிறது, வாயெல்லாம் ரத்தம். "கொன்னுடுவா, யாராவது வாங்க" என்று கத்துகிறார். அக்காவின் இடுப்புக்குப் பின்னாலிருந்து குட்டி "அப்பா, அப்பா" என்று அலறுகிறாள்.

காவல் நிலையத்தில் அந்த அதிகாரி அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார். கீழிருந்து மேலே பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார்.

"இவரா உன்னை அடிச்சாரு?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஒன்பது வருஷம்னு சொல்றியே, ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டாவது இருக்கா?"

இல்லை. களிம்பு நான் கொடுத்தது, சீட்டு எதற்கு? வீக்கத்தைப் பார்த்த அக்கம்பக்கத்தார் எல்லோரும் நிலையில் இடித்துக்கொண்டாள் என்றே சொன்னார்கள். அவளே அப்படித்தானே அவர்களிடம் சொல்லியிருந்தாள். டயர் கடை மாடி வகுப்புப் பதிவேட்டில் என் பெயருக்குக் கீழே அவள் பெயர் இருந்தது. மாமாவின் வக்கீல் அதைக் கோர்ட்டில் காட்டினார். "இரண்டு மாதம் திட்டமிட்டுப் பயிற்சி எடுத்திருக்கிறார்" என்றார். மாஸ்டர் சாட்சி சொல்ல வந்தார். கை ஓங்கியதும் அக்கா உட்கார்ந்ததை விவரித்தார். நீதிபதி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "அவர் அடித்ததைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றார் மாஸ்டர். வேறென்ன சொல்வார்?

அடிதடி வழக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. விவாகரத்து கிடைத்தது. குட்டி அப்பாவிடம் போனாள். அக்காவுக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை, மூன்று மணி நேரம், கோர்ட்டுக்குப் பின்னால் ஓர் அறையில், ஒரு பெண் ஊழியர் முன்னிலையில். தீர்ப்பு வந்த அன்று அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "எங்கிட்ட வந்து சொன்னியேடி, எங்கிட்ட சொன்னியே" என்று கதவுக்கு அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான்காவது சந்திப்பில் குட்டி கலர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா, நீ அப்பாவை அடிச்சியா?"

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். "ஆமாம்மா. தள்ளிவிட்டேன். தப்புதான்."

"அப்பா உன்னை அடிச்சாங்களா?"

"இல்லடா."

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்து உலுக்கினேன். நம்பாதவர்களிடமெல்லாம் உனக்காக நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். தானாகக் கேட்டவள் குட்டி ஒருத்திதான், அவளிடம் போய் இல்லை என்கிறாயே என்றேன்.

அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ அந்த வீட்லதான் தூங்கி எந்திரிக்கணும். அப்பா அடிக்கறவர்னு தெரிஞ்சா எப்படித் தூங்குவா? பயப்படறதுன்னா என்னைப் பார்த்துப் பயப்படட்டும். நான்தான் கூட இல்லையே."

இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினோம்.

அடுத்த சனிக்கிழமை குட்டி வந்தாள். எப்போதும் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொள்பவள், அன்று அந்த ஊழியரின் நாற்காலி பக்கத்திலேயே நின்றாள். அக்கா கூப்பிடவில்லை. கலர் பென்சில்களை எடுத்து மேசையின் அந்தக் கோடியில், குட்டிக்கு வசதியாக இருக்கும் இடத்தில், ஒவ்வொன்றாக அடுக்கி வைத்துவிட்டு இந்தக் கோடிக்குத் திரும்பி வந்தாள்.