இரண்டு மாமாக்களின் கறுப்புத் திராட்சை

பெரிய மாமாவும் சின்ன மாமாவும் பேசிப் பதினோரு வருடமாகிறது. காரணம் ஒரு கறுப்புத் திராட்சை. இருவர் தோட்டத்திலும் அது காய்த்தது. இருவரும் அதைத் தத்தம் இனம் என்றார்கள். ஒரே வாரத்தில் இருவரும் பதிவுக்கு விண்ணப்பிக்க, பதிவு அலுவலகம் இரண்டு பைப் பழங்களையும் விதை ஆய்வகத்துக்கு அனுப்பியது. அங்கே விதைகளை அளக்கிறவள் அவர்களுடைய அக்கா மகள்.

இது தன் உறவுக்காரர் விஷயம் என்று அவள் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாள். "ரெண்டு பேருமே மாமாதானே, அப்புறம் யார் பக்கம் சாயப்போறே?" என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேலை கஷ்டமில்லை, சலிப்புதான். பைக்கு நூறு விதை. கழுவி, காயவைத்து, நுண்ணோக்கிக்கு அடியில் ஒரே திசையில் படுக்கவைத்துப் படமெடுக்க வேண்டும். திராட்சை விதை குட்டிப் பேரிக்காய் மாதிரி, ஒரு முனையில் அலகோடு இருக்கும். அலகின் நீளமும் உடம்பின் பருமனும் இனத்துக்கு இனம் மாறும். நெருங்கிய இனங்களுக்குள் சாயல் தெரியும். கணினி ஓரக்கோடுகளை வரைந்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்.

பெரிய மாமா ஃபோன் செய்தார். "என் விதை கொஞ்சம் கம்பீரமா இருக்குமே, பாத்தியா?"

"கம்பீரத்துக்கு அளவு இல்ல மாமா."

அடுத்து சின்ன மாமா. "அந்த ஆளோட விதை முழியே சரியில்லாம இருக்குமே."

இரண்டு மாமாக்களின் விதைக் கோடுகளும் அச்சாகப் படிந்தன. ஆய்வகத்திலிருந்த நாற்பது இனங்களில் எதோடும் படியவில்லை. ஒப்பிட இன்னொரு கறுப்பு இருக்கட்டும் என்று, அம்மா வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் படர்ந்திருந்த கொடியிலிருந்து சில குலைகள் பறித்து வந்து அளந்தாள். அதுவும் படிந்தது. மறுபடி அளந்தாள். மறுபடியும் படிந்தது.

அம்மா தையல்காரி. அன்று ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கொடி எங்கேருந்தும்மா வந்தது?"

"கடையில வாங்கின பழத்தைத் தின்னுட்டு விதையத் துப்பினேன். முளைச்சுது. காய் நல்லா இருந்துதுன்னு தம்பிங்க கல்யாணத்தப்ப ஆளுக்கொரு குச்சி வெட்டிக் குடுத்தேன்."

"இத ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

அம்மா வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். "அவனுங்க ஏதோ வேலிக்குச் சண்டை போடறானுங்கன்னு நெனச்சேன். திராட்சைன்னு எங்கிட்ட யார் சொன்னது?"

குச்சி நட்டால் அதே இனம் வரும். விதை முளைத்தால் புது இனம். மூன்றும் ஒன்று என்று மரபணுச் சோதனையும் சொல்லிவிட்டது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வந்த மாமாக்கள் அலுவலக பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். "கல்யாணத்துல நூறு பேர் நூறு சாமான் குடுத்தாங்க. குச்சி யாரு குடுத்தான்னு யாரு பாத்தா" என்றார் பெரியவர், சுவரிடம்.

இனத்தை அம்மா பேரில் பதிய அவளையும் வரச்சொல்லியிருந்தார்கள். பதிவு அதிகாரி அம்மாவிடம் கேட்டார். "இந்த இனத்த எப்படி உருவாக்கினீங்க?"

"துப்பினேன்."

அவர் கொஞ்சம் யோசித்து, "விதைவழித் தேர்வு" என்று எழுதிக்கொண்டார்.

கையெழுத்துப் போடும்போது பெரிய மாமா சட்டைப்பையைத் தடவினார். பிறகு பெஞ்சின் அந்த ஓரத்தைப் பார்த்து, "பேனா இருக்கா?" என்றார்.

சின்னவர் நீட்டினார். "மூடிய தொலைச்சுடாதே."