நாற்பத்தோராவது ஸ்டவ்

1977ஆம் வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், கே.கே. நகர் ஹாலாஸ்யத்தின் வீட்டுக் கூடத்தில் இருந்த நாற்பது அடுப்படிச் சாமான்களும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றன. அன்று வைகையில் தண்ணீர் இல்லை, கத்தரிக்காய் மலிவு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்யாமளா இனிமேல் கூடத்தைப் பெருக்குவது சுலபம் என்று சொல்லிக்கொண்டு தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஸ்யாமளா ஹாலாஸ்யத்தின் மனைவி. அவள் மட்டும் விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி நின்றாள். நாற்பது எப்படி நாற்பது ஆயிற்று என்பது அவளுக்குத்தான் தெரியும். முந்தின நாள் அவை நாற்பத்தொன்று.

ஹாலாஸ்யம் ஒரு பஞ்சாலை ஆபீஸில் ஹெட் கிளார்க். ஊரெல்லாம் கேஸ் அடுப்பு வரத் தொடங்கிய நாளிலிருந்து, கேஸ் வந்த வீடுகளுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிறவர் மாதிரி அவர் போய்க்கொண்டிருந்தார். வாசலில் செருப்பை விட்டு, திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, “பழசு என்ன பண்ணப் போறேள்?” என்று தணிந்த குரலில் கேட்பார். அப்படி வந்து சேர்ந்தவைதான் பம்பு ஸ்டவ்களும், திரி ஸ்டவ்களும், கரி போட்டு வேகவைக்கும் நாலடுக்குக் குக்கரும், கைப்பிடி சுற்றும் காபிக்கொட்டை மிஷின்களும். வண்டியூரில் ஒரு மிராசுதார் வீட்டில் கோழி அடைத்திருந்த மண்ணெண்ணெய் பிரிட்ஜைக் கோழிகளோடு பேசி வாங்கி வந்தார். சாயங்காலங்களில் பம்புக்குள் இருக்கும் தோல் வாஷரைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, குழந்தைக்குக் காதில் மருந்து விடுவதுபோல ஒவ்வொன்றாகப் பொருத்துவார். எரிய வைப்பது கிடையாது. எரிந்தது போதும், ஓய்வெடுக்கட்டும் என்பார். ஸ்யாமளா அவரிடம் ஒருமுறை, “நானும் பதினெட்டு வருஷமா எரிஞ்சுண்டிருக்கேன், எனக்கு எப்போ ஓய்வு?” என்று கேட்டாள். அவர் வாஷரைப் பொருத்திக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

அந்த ஆயுத பூஜையன்று அவர் அத்தனையையும் துலக்கி, கூடத்தில் பாம்புபோல வளைத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார். வடையும் பாயசமும் செய்து முடித்த கையோடு ஸ்யாமளாவின் கேஸ் அடுப்பையும் பிடுங்கி வரிசையின் நடுவில் வைத்தார். “ஏன்னா, அது என்னோடது” என்றாள். “இதுவும் ஆயுதம்தானேடி” என்றார். பஞ்சாபகேச வாத்தியார் வந்து மந்திரம் சொல்லி, தெய்வத்தை அத்தனை சாமான்களிலும் எழுந்தருளப் பண்ணி, நாளைக் காலையில் வந்து வழியனுப்பி வைப்பதாகச் சொல்லிவிட்டு, ஆறு வடையை மடியில் கட்டிக்கொண்டு போனார். பூஜையில் வைத்ததை மறுநாள் வழியனுப்பும்வரை தொடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது, ஸ்யாமளாவுக்கும் தெரியும். ஆனால் மூன்று மணிக்குக் கொல்லைக்குப் போக வழியில்லாமல் தாண்டித் தாண்டிப் போனவளின் கால் கட்டைவிரல், வரிசைக் கடைசியில் இருந்த பித்தளைப் பம்பு ஸ்டவ்வில் இடித்தது. அது பழங்காநத்தத்து ஹோட்டலில் இருந்து வந்தது, நல்ல கனம். ஸ்டவ்வின் மூன்று கால்களில் ஒன்று கோணிக்கொண்டது. விரல் நகம் பெயர்ந்துவிட்டது. ஹாலாஸ்யம் பாயச மயக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்துத் தெருவில், பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று பழைய சாமான் வியாபாரி காளை கூவிக்கொண்டு வந்தான்.

ஸ்யாமளா நீட்டிய ஸ்டவ்வைக் காளை கையில் வாங்கித் தயங்கினான். “ஏம்மா, பொட்டு வச்ச சாமானாவுல்ல இருக்கு. சாமி குத்தம் ஆயிராதா?”

“பொட்டுதானே, தொடச்சுக்கோ. எனக்கு வச்ச பொட்டையே ஏறெடுத்துப் பாக்காத மனுஷன் வச்சதுதான் அது.”

காளை ஒரு பெரிய பொட்டலம் கட்டிக் கொடுத்தான். தூங்கி எழுந்த ஹாலாஸ்யம் பேரீச்சம்பழம் ஒன்பது தின்றார். இந்த மாதிரிப் பழம் மதுரையில் கிடைப்பதே இல்லை என்றார்.

மறுநாள் வாத்தியார் மணியோடு வந்தபோது வரிசையில் ஒன்று குறைந்திருந்தது. “பரவாயில்லை, இருக்கறதை வச்சு முடிச்சுடலாம்” என்றார் வாத்தியார். அவருக்கு அன்று இன்னும் நாலு வீடு இருந்தது. ஹாலாஸ்யம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “கல்யாண பஸ்ல ஒரு சம்பந்தியைக் காணலைன்னா வண்டியை எடுக்கச் சொல்லுவேளா? அது வரட்டும். அப்புறம் எல்லாத்தையும் சேர்த்து அனுப்பலாம்.” வாத்தியார் மணியைப் பைக்குள் போட்டார். அந்த நிமிஷம்தான் நாற்பதும் ஒரு சாண் எழும்பின, கேஸ் அடுப்பும் சேர்ந்து. ஸ்யாமளா அதன் குமிழைத் திருகித் தீக்குச்சி கிழித்தாள். பற்றவில்லை. வாத்தியார் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே காரணம் சொன்னார்: “வழியனுப்பற வரைக்கும் அதெல்லாம் ஸ்வாமி. ஸ்வாமி எங்கேயாவது சாம்பார் வைக்குமோ?”

அன்றிலிருந்து அந்த வீட்டில் எதுவும் எரியவில்லை. புதிதாக ஒரு திரி ஸ்டவ் வாங்கி வந்தார்கள். அது வாசற்படியைத் தாண்டியதும் எழும்பி வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டது. கொல்லையில் மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டினாள். செங்கல்கள் விறகோடு எழும்பின. மூன்று வேளையும் மெஸ்ஸில் இருந்து கேரியர் வந்தது. ஹாலாஸ்யத்துக்கு அந்தச் சாப்பாடு பிடித்துப்போனது, அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். மெஸ்காரன் ரசத்துக்குப் பெருங்காயமே போடுவதில்லை என்பதை அவர் ஆறு வருஷத்தில் ஒருநாள்கூடக் கண்டுபிடிக்கவில்லை. காலையில் ஐந்தரைக்குப் பால் வரும். காய்ச்சத் தீ கிடையாது. அந்தப் பாலைப் பார்த்துக்கொண்டே ஃபில்டரைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைப்பாள், மறுநாளும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைப்பாள். தன் கையால் கலந்த ஒரு டம்ளர் காபிக்காக அவள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தாள். எதிரே அவர் தொலைந்த ஸ்டவ் இருந்த இடத்துக்குக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார். வாயை மூடிக்கொள்வாள்.

சொல்லாமல் கண்டுபிடித்துக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பழங்காநத்தத்துப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனாள். காளை அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. ஆனால் குவியல்களைக் கிளறிக் கிளறி, தட்டினால் வரும் சத்தத்தில் பித்தளையின் வயசைச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். ஒருநாள் தலைகீழாகக் கிடந்த ஒரு முறுக்கு மிஷினைப் பார்த்தாள். அதை விட்டுவர மனசு வரவில்லை. இன்னொரு நாள் கைப்பிடி உடைந்த ஐஸ்கிரீம் வாளி. பிரசாதப் பையில் மறைத்துக் கொண்டுவந்து வரிசைக் கடைசியில் விட்டாள். அவை எழும்பிக்கொண்டன. ஹாலாஸ்யம், தன் சாமான்கள் குட்டி போடுகின்றன என்று ஆபீஸில் சொன்னார். இப்படி 1983இல் வரிசை ஐம்பத்தேழு ஆகியிருந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஒரு சாண் வீதம் உயர்ந்து அவை ஆள் மட்டத்துக்கு வந்திருந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பழகிக்கொண்டார்கள்.

அடுத்து வந்த தை மாதம் ஒரு முற்பகலில் காளையின் குரல் தெருவில் கேட்டது. ஸ்யாமளா தலைமுடியைக்கூட முடியாமல் ஓடி, அவன் சைக்கிள் கேரியரைப் பிடித்தாள். “எங்கடா போச்சு என் ஸ்டவ்?”

“அய்யோ, அந்த ஸ்டவ்வா! அத வாங்குன அன்னைக்கே, தெப்பக்குளத்துக்கிட்ட போறப்ப சாக்குக்குள்ள தானா பத்திக்கிருச்சும்மா. ஒரு கூடைப் பழமும் பாகாப் போச்சு. அங்கன டீக்கடை மாயக்காக்கிட்ட தூக்கிக் குடுத்துட்டு ஓடுனவன்தான், பயந்துபோயி ஆறு வருசமா தேனிப் பக்கம் ஏவாரம் பாத்தேன். அது இன்னும் அணையலயாம். ஒரு சொட்டு எண்ணெ கெடையாது, திரி கெடையாது, எரியுதாம்.”

அன்று ஹாலாஸ்யம் சாப்பிட உட்கார்ந்ததும், கேரியரைப் பிரித்துக்கொண்டே ஸ்யாமளா கேட்டாள். “ஏன்னா, அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பேரீச்சம்பழம் நன்னா இருந்ததுன்னேளே, ஞாபகம் இருக்கா?”

“இல்லாம என்ன? எட்டு தின்னேன்.”

“ஒம்பது. அதான் உங்க ஸ்டவ்.”

அவர் ரசத்தைக் கீழே வைத்தார். கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கண்ணை மூடி, ஒன்பதையும் ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிவிட்டு, “கொட்டை எல்லாம் எங்கே போட்டே?” என்று கேட்டார். அவள் தெப்பக்குளத்து டீக்கடையைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போடும் கொடிக்கயிறுகளை அவிழ்த்து ஐம்பத்தேழையும் ஒன்றோடொன்று கட்டினார். வாத்தியாருக்கு ஆள் அனுப்பினார். ஸ்யாமளா ஒரு பையில் ஃபில்டரையும், கடையில் வறுத்து அரைத்த காபிப்பொடியையும் எடுத்துக்கொண்டாள். பூஜை முடிந்த கையோடு வீட்டுக்கு வந்து குடிப்பதற்கு ஏன் பையில் எடுக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

மண்ணெண்ணெய் பிரிட்ஜ் கோயில் யானைபோல முன்னால் போக, கேஸ் அடுப்பு ரப்பர் குழாயை வாலாட்டிக்கொண்டு நடுவில் போக, ஊர்வலம் அண்ணா நகர் வழியாகத் தெப்பக்குளத்துக்கு வந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டி, “சார், ஓரமாப் போங்க, பஸ்ஸு வருதுல்ல” என்றார். கீழ்க்கரையில் ஒரு வாகைமரத்து மொட்டை வெயிலில் மாயக்காள் கடை இருந்தது. மரத்தில் இலை இல்லை, கடைக்குக் கூரை இல்லை. ஒரு பெஞ்சு, கண்ணாடி கிளாஸ்கள், நடுவில் அந்தப் பித்தளை ஸ்டவ், புஸ்ஸென்று நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

“தெப்பம்தான் போன வாரமே முடிஞ்சுபோச்சே, இது என்ன ஊர்கோலம்?” என்றாள் மாயக்காள்.

“அந்த ஸ்டவ் எங்களுது” என்றாள் ஸ்யாமளா.

“பேரு வெட்டியிருக்கா? காட்டுங்க பாப்போம்.”

“பேர் இல்லை. ஒரு கால் கோணல் இருக்கும். அந்தக் கோணலும் இந்தக் கோணலும் ஒரே நாள்ல ஆனது” என்று ஸ்யாமளா புடவையை ஒரு விரற்கடை தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினாள். மாயக்காள் குனிந்து, விரல் நகத்தையும் ஸ்டவ் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். “பொருத்தமாத்தான் இருக்கு. ஆனா தரமாட்டேன்.” என்றாள். பூஜை முடியாமல் நிற்பதை ஸ்யாமளா சொன்னதும் மாயக்காள் வாத்தியாரிடம் திரும்பினாள். “பூசைய முடிச்சா என்னாகும் சாமி?”

பெஞ்சில் உட்கார்ந்து ஓசி டீ குடித்துக்கொண்டிருந்த வாத்தியார், நாற்பத்தொரு சாமானின் தீயும் வெளியே போன ஒன்றிடம் வந்து சேர்ந்துவிட்டது என்றும், மந்திரம் சொன்னால் அவரவர் தீ அவரவருக்குத் திரும்பிவிடும் என்றும், இது பிறகு மண்ணெண்ணெய் கேட்கும் என்றும் விளக்கினார்.

“கேக்கும்ல. ஆறு வருசமா நான் ரேசன் கடை வாசல மிதிச்சதில்ல. இனிமே அந்தக் கியூவுல யாரு நிக்கிறது, நீங்க நிப்பீகளா? அதுல வேகுற டீயிலதான் என் பொழப்பு ஓடுது. ஐயரம்மா, நீ பழத்துக்குப் போட்ட. நான் கும்பிட்டு வச்சிருக்கேன். யாரோடது இப்ப?”

ஸ்யாமளா குனிந்து தீயைப் பார்த்தாள். அதில் எது தன் கேஸ் அடுப்பின் தீ என்று தெரியும்போல இருந்தது. “சரி, அது அணையறதோ இருக்கறதோ. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நான் பால் காய்ச்சிக்கறேன்” என்றாள். மாயக்காள் நகர்ந்துகொண்டாள். ஸ்யாமளா ஃபில்டரில் பொடியை அமுக்கி வெந்நீர் விட்டாள். டிகாக்‌ஷன் இறங்கியதும் பாலை வைத்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு பால் அவள் கண் எதிரே விளிம்புவரை வந்தது. “ஏறு, ஏறு, சனியனே, எத்தனை நாளாச்சு உன்னைப் பார்த்து” என்று வாய்விட்டுத் திட்டினாள். முதல் கிளாஸை மாயக்காளிடம் நீட்டினாள். மாயக்காள் ஒரு மடக்குக் குடித்தாள். கிளாஸைப் பார்த்தாள். ஸ்யாமளாவைப் பார்த்தாள். “இம்புட்டு நாளும் எங்கேத்தா இருந்த?” என்றாள்.

அதற்குள் குளத்தங்கரையில் நடக்க வந்தவர்கள் வாசனைக்கு வரிசை கட்டினார்கள். இருபதாவது கிளாஸுக்குப் பிறகு வாத்தியார் மணியை எடுத்தார். ஸ்யாமளா திரும்பிப் பார்க்காமல், “உள்ள வைங்கோ அதை” என்றாள்.

“அப்போ என் சாமான்லாம்?” என்றார் ஹாலாஸ்யம், கயிற்றைப் பிடித்தபடி.

“அந்தக் கிளையில கட்டுங்கோ. வெயில் மண்டையப் பொளக்கறது.”

கட்டினார். ஐம்பத்தேழும் மாயக்காள் கடைக்கு மேலே பரவி நின்று நிழல் கொடுத்தன. பிரிட்ஜ் நிழலில் மட்டும் கொஞ்சம் குளிர்ச்சியும் இருந்தது, அந்த இடத்துக்குத்தான் போட்டி. ஸ்யாமளா விடிந்ததும் வந்து உச்சிவரை காபி போட்டாள், அதற்கப்புறம் மாயக்காள் டீ. டீக்கடையிலா என்று வாயைப் பொத்திக்கொண்ட ஸ்யாமளாவின் மன்னி, அடுத்த மாதமே அதே வாயைத் திறந்து இரண்டாவது டம்ளர் கேட்டாள். அனுமதியில்லாத கூரையா என்று அளக்க வந்த கார்ப்பரேஷன் குமாஸ்தா ஒருவர், தூண் இல்லாததைக் கூரை என்று எப்படி எழுதுவது என்று தெரியாமல் காபி குடித்துவிட்டுப் போனார். ஹாலாஸ்யம் மெஸ் காபியை விட்டுவிட்டுக் கடைக்கு வரத் தொடங்கினார். மற்றவர்களைப் போலவே வரிசையில் நிற்க வேண்டும் என்பது மாயக்காளின் சட்டம். எங்கிருந்தாவது ஒரு பழைய மிஷினைக் காப்பாற்றிக் கொண்டுவந்தால் மட்டும் முன்னால் விடுவாள். அது கடைக்கு வந்ததும் எழும்பி மற்றதோடு சேர்ந்துகொள்ளும். 1989இல் நிழல் மூன்றாவது பெஞ்சைத் தொட்டது.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஸ்யாமளா அந்தக் கோணல்கால் ஸ்டவ்வுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பாள். மறுநாள் காலையில் பஞ்சாபகேச வாத்தியார் மணியோடு வருவார், பிரிட்ஜ் நிழலில் உட்கார்ந்து காபி குடிப்பார், மணியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு எழுந்து போவார். ஜனங்களுக்குக் கடையைப் பற்றிப் பெரிய குறை ஒன்றும் இல்லை, ஸ்யாமளா சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடுகிறாள் என்பதைத் தவிர.