கரித் திருக்கை

"செவுத்த தொடாதீங்க!"

போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறியிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். காலையில் அம்மாவின் மூச்சு நின்றதிலிருந்து இஃபத் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. பெற்றவளைக் குளிப்பாட்டப் பின்பக்கம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், இவளுக்குச் சுவர் பெரிதாகிவிட்டதா என்று எல்லோர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. இஃபத்துக்கும் அது தெரிந்தது. அழுகை வரவில்லை. வெட்கமும் வரவில்லை.

மண்ணூர்பேட்டையில் இருந்த அந்தச் சின்ன வீட்டின் ஹாலில், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டி, கரித்துண்டால் அவள் வரைந்திருந்த திருக்கை மீன் சிறகை விரித்திருந்தது. அதன் அடியில் ஆமைகள், ஜெல்லி மீன்கள், அசைகிற பாசி. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக மாங்காயும் மயிலும் போட்டுக் காட்டியவளை, முதல் முறையாக ஒரு கண்காட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த மாதம். படம் இன்னும் முடியவில்லை. முடிந்த பிறகுதான் கரி உதிராமலிருக்க மருந்து அடிப்பார்கள். அதுவரை ஒரு விரல் பட்டாலும் போச்சு.

அம்மா இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இம்மாம் பெரிய திருக்கைக்கு எவ்ளோ புளி கரைக்கிறது?"

மாமா ஹாஜா மொய்தீன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"உசுருள்ள உருவம் இருக்கற எடத்துல மையத்த வெக்கக் கூடாதும்மா. அல்லா அனுப்பற மலக்குங்க வர மாட்டாங்க. கயட்டிடு."

"கயட்டுனா கிழிஞ்சிடும் மாமா. ஒட்டியிருக்கு."

"அப்ப மூடு."

"துணி பட்டா அழிஞ்சிடும்."

"எங்க அக்காவ அப்ப எங்க வெக்கறதும்மா? தெருவுலயா?"

அக்கா தஸ்லீம்தான் எழுந்து போய்த் துணி காயப்போடுகிற கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரி ஆணி வரைக்கும் இழுத்துக் கட்டி, இரண்டு வெள்ளைப் போர்வைகளைச் சுவரில் படாமல் தொங்கவிட்டாள். சுவருக்கும் துணிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. "இப்ப திருப்தியா ஒனக்கு?" என்றாள், தங்கையின் முகத்தைப் பார்க்காமல்.

குளிப்பாட்டும்போது இஃபத்தும் கூட இருந்தாள். சொன்ன இடத்தில் தண்ணீர் ஊற்றினாள், சொன்னபோது நிறுத்தினாள். அம்மாவின் முழங்கால் இத்தனை சிறியது என்று அவளுக்குத் தெரியாது. கஃபன் துணி சுற்றி முடித்து, முகத்தை மட்டும் திறந்து வைத்து, ஹாலில் கொண்டுவந்து கிடத்தினார்கள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுப்பதாக ஏற்பாடு.

ஏப்ரல் மாதத்து மத்தியானம். சாம்பிராணிப் புகையும் பெண்களின் வேர்வையுமாக ஹால் வெந்தது. ஆளுக்கொரு நியூஸ்பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"ஃபேன் போடேண்டி" என்றாள் தஸ்லீம்.

"வேணாங்க்கா. துணி செவுத்துல மோதும்."

சொல்லிவிட்டு, யாரும் போட்டுவிடாதபடி ஸ்விட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அம்மாதான் போய்விட்டாள், இதுவாவது மிஞ்சட்டும் என்று இருந்தது அவளுக்கு.

பக்கத்து வீட்டுத் தாயம்மாள் அப்போதுதான் வந்தாள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏதோ கம்பெனியில் பெருக்குகிற வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி, கையில் கிடைத்த பேப்பரால் அம்மாவின் முகத்துக்கு விசிற ஆரம்பித்தாள்.

"நேத்துகூட எங்க ஊட்டுக்கு வந்துச்சே இந்த மகராசி. கோட வந்ததுலேர்ந்து மத்தியானமானா அங்கதான். ஃபேனுக்குக் கீய குந்திகினு இருக்கும். ஏன் வஹீதாம்மா, உங்க ஊட்ல ஃபேன் இல்லியான்னு கேட்டா, இருக்குதும்மா, போட்டா கரி பறக்கும், பொண்ணு பாவம் ராவெல்லாம் கஷ்டப்பட்டு வரைதுன்னும். நான் லேட்டா வந்தா, வேர்த்து ஊத்தினு படியிலயே குந்திகினு இருக்கும்."

இஃபத் எப்போதோ ஒரு சாயங்காலம், வேலை ஓடாத எரிச்சலில், "ஃபேன ஆஃப் பண்ணும்மா, கரி பறக்குது" என்று கத்தியிருந்தாள். வரைகிற நேரத்துக்கு மட்டும்தான் சொன்னாள். பகல் முழுக்க அவள் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். ஸ்டாஃப் ரூமில் அவள் நாற்காலிக்கு நேர் மேலேயே ஃபேன் இருந்தது.

தாயம்மாள் விசிறிக்கொண்டே இருந்தாள். கை வலித்ததோ என்னவோ, பேப்பரை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இஃபத் திரும்பி ஸ்விட்சைப் போட்டாள். ரெகுலேட்டரைக் கடைசி வரைக்கும் திருகினாள்.

ஃபேன் முதலில் முனகியது, அப்புறம் வேகமெடுத்தது. போர்வைகள் உப்பி, பின்னால் போய்ச் சுவரில் ஒட்டி விலகின. மறுபடி ஒட்டி, தேய்ந்து விலகின. உள்பக்கம் கறுப்பு ஏறுவது வெளியிலிருந்தே தெரிந்தது.

"ஐயோ, உன் படம்டி!" தஸ்லீம் துணியைப் பிடிக்க எழுந்தாள்.

"வுடுக்கா" என்றாள் இஃபத். "அம்மாக்குக் காத்து வரட்டும்."

தலைமாட்டில் கொஞ்சம் இடம் பார்த்து உட்கார்ந்தாள். தாயம்மாள் விசிறுவதை நிறுத்தி, பேப்பரை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.