ஓபுலேசு அளந்த சாய்வு

கடப்பைப் பக்கம் ஒரு காட்டாற்று வெட்டில், நிலவியல் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பாறைக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். ஹைமாவதி மேடம் கொடுத்த வேலை சுலபமானதுதான். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, பாறையின் அடுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சாய்வுமானியை வைத்து அளக்க வேண்டும்.

சௌடேஸ்வரிக்கு ஜோடியாக வாய்த்தவன் ஓபுலேசு. நல்லவன்தான், கவனம் போதாது என்பது அவள் கணிப்பு. போன வாரம் ஆய்வுக்கூடத்தில் பச்சைக் கல்லைக் கேட்டால் சிவப்புக் கல்லை நீட்டினான். எல்லார் முன்னாலும் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டாள்.

இன்றும் வம்புதான். பச்சை ஓடிய பாறையில் செந்நிறப் பட்டைகள் சரிந்து இறங்கின. அவள் அளந்தால் நாற்பது டிகிரி, அவன் அளந்தால் பத்து.

"எது மேல வச்சு அளந்த? இந்தச் செவப்புப் பட்டை மேலதானே?"

அவன் பாறையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"எந்தப் பட்டை?"

அதட்ட வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்து அடங்கினாள்.

"ஓபுலேசு, உனக்குச் செவப்பு தெரியாதா?"

"மெதுவாப் பேசு. செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ரயில்வே வேலைக்குப் போனப்ப கண் டாக்டர் சொன்னாரு. மேடத்துக்குத் தெரிஞ்சா, கல்லு நெறம் தெரியாதவனுக்கு இந்தப் படிப்பு எதுக்கும்பாங்க."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "சரி, என் அளவையே எழுதிக்கோ. எல்லாருக்கும் நாப்பதுதான் வந்திருக்கு. யாரும் கேக்க மாட்டாங்க."

"எழுதலாம். ஆனா இங்க தொட்டுப் பாரேன். கண்ண மூடிக்க."

அவன் காட்டிய இடத்தில் விரலை வைத்து மேலே நகர்த்தினாள். சர்க்கரை மாதிரி நறநறப்பு, அதற்கு மேல் மாவு மாதிரி வழவழப்பு, மறுபடியும் நறநறப்பு. கண்ணைத் திறந்தாள். அந்த வரிகள் சிவப்புப் பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிட்டத்தட்ட மட்டமாக ஓடின. சாய்வுமானியை அங்கே வைத்தாள். பத்து.

"என்னடா, பாறைக்கு மசாஜா?" என்றான் பக்கத்தில் இருந்த மஸ்தான்.

சத்தம் கேட்டு வந்த மேடம் அவர்கள் நோட்டைப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கு மட்டும் எப்படிப் பத்து வந்துச்சு?"

"கண்ண மூடித் தடவிப் பாத்தோம் மேடம்," என்றாள் சௌடேஸ்வரி. எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"வருஷா வருஷம் இந்த எடத்துல எல்லாரும் ஏமாறுவாங்க. மணல் படிஞ்ச அடுக்கு இவங்க அளந்ததுதான். செவப்பு, பின்னால தண்ணி ஊறிப் புடிச்ச துரு. மத்தவங்க கறைய அளந்திருக்கீங்க. யாருக்கு இது தோணுச்சு?"

"ரெண்டு பேருக்கும்தான்," என்றாள் அவள் அவசரமாக.

ஓபுலேசு எழுந்து நின்றான். "இல்ல மேடம். இவளும் மொதல்ல நாப்பதுதான் அளந்தா. எனக்குச் செவப்பு தெரியாது. அதனால ஏமாற வழியில்ல."

மஸ்தான்தான் ஆரம்பித்தான்: "அப்ப பண்டிகைக்கு என் சட்டை நல்லாருக்குன்னு சொன்னியே?"

"தையல் நல்லாருந்துச்சுடா."

மேடமே சிரித்துவிட்டார். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? நெறத்தப் பக்கத்துல இருக்கவங்ககிட்டக் கேளு. கேட்டு எழுதினதுன்னு குறிச்சு வை. பாக்காதத பாத்ததா எழுதினாத்தான் தப்பு. மத்தவங்கல்லாம் திரும்ப அளங்க."

சாப்பாட்டு நேரத்தில் சௌடேஸ்வரி தாளித்த பொரியான உக்கானியோடு தனக்கு வந்த மிளகாய் பஜ்ஜியை எடுத்து அவன் இலையில் வைத்தாள். "அன்னைக்குத் திட்டினதுக்கு," என்றாள். அவன் அதை எடுத்துத் தின்றான்.

பிற்பகலில் அடுத்த சரிவுக்குப் போனார்கள். ஓபுலேசு ஒரு கல் சில்லை உடைத்து, நிறம் கேட்டு அவளிடம் நீட்டினான்.

"சாம்பல் கலந்த பச்சை," என்றாள்.

"எது அதிகம், சாம்பலா பச்சையா?"

இத்தனை நாளும் ஒரு பார்வை பார்த்து எழுதிவிட்டுப் போனவள், கல்லைத் தண்ணீரில் நனைத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.